ஃபெயிலாக்க ஆளில்லாத தேர்வு

"டாக்டர்தானே செய்யறார், கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட்டும் மாட்டி வெச்சிருக்கார், அப்புறம் என்ன பயம்?" செய்யாறில் இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் பெற்றோர் சொல்கிறார்கள். சிப்காட் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் சொல்கிறார்கள். என்னோடு படித்த டாக்டர்களும் எனக்குப் பின்னால் படித்து வந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பரு வடுவுக்கு லேசர், மங்குக்குப் பீலிங், தலைமுடிக்கு பி.ஆர்.பி., உதட்டுக்கு ஃபில்லர், வழுக்கைக்கு முடி நடவு என்று சென்னைக்குப் போனால்தான் கிடைக்கும் என்றிருந்த சிகிச்சைகள் இப்போது காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் வேலூருக்கும் போகும் சாலைகளின் பெயர்ப்பலகைகளுக்கு வந்துவிட்டன. பலகையில் டாக்டர் என்ற எழுத்தும் உள்ளே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதமும் இருந்தால் போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அந்த முடிவு தவறு. ஒரு சான்றிதழுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கொடுத்தவருக்கு, "உங்களுக்குக் கொடுக்க முடியாது, இன்னும் ஆறு மாதம் பழகிவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் அதிகாரம் இருந்ததா? நாளைக்கு இந்த டாக்டர் கையில் ஒருத்தியின் முகம் வெந்துபோனால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க அவரால் முடியுமா? இந்த இரண்டும் இருந்தால்தான் அது சான்றிதழ். இல்லாதபோது அது பணம் கட்டியதற்கும் உட்கார்ந்திருந்ததற்கும் அத்தாட்சி. அழகியல் மருத்துவம் என்ற பெயரில் நம்மூர்ச் சுவர்களில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட அத்தாட்சிகள்தான்.

நானும் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவன். காய்ச்சலும் சர்க்கரையும் பார்க்கிற பொது மருத்துவன். தோல் நிபுணர்களின் வருமானத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இந்தப் பயிற்சிகளுக்குப் போய்வந்த நண்பர்கள் சொன்னதும் நானே உட்கார்ந்து பார்த்ததும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சென்னையில் ஓர் ஓட்டல் ஹால். வெள்ளி, சனி, ஞாயிறு. முதல் நாள் முழுக்க ஸ்லைடு. அடுத்த நாள் பெரிய திரையில் ஒரு மூத்த டாக்டர் ஊசி போடுவதைக் காட்டுவார்கள். கடைசி நாள் 'ஹேண்ட்ஸ் ஆன்'. ஒரு நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருப்பார், அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து டாக்டர்கள். ஆளுக்கு ஓர் ஊசி, சிலருக்கு அதுவும் கிடைக்காது. சாயங்காலம் சான்றிதழ் கையில். எவரும் ஃபெயிலாவதில்லை. ஃபெயிலாக்கினால் அடுத்த பேட்ச்சுக்கு யார் பணம் கட்டுவார்கள்? இதற்கு மேலே வெளிநாட்டுப் பெயர் தாங்கிய டிப்ளமோக்கள், வீட்டிலிருந்தே படிக்கும் ஃபெல்லோஷிப்புகள். லேசர் மெஷினை இறக்கிவைக்கும் கம்பெனிக்காரர் மதியத்துக்குள் பொத்தான்களை விளக்கிவிட்டுக் கொடுக்கும் 'டிரெயினிங் சர்டிபிகேட்' இன்னொரு வகை. அமெரிக்க போர்டு என்று அச்சடித்திருந்தால் நம்மவர்களுக்குக் கூடுதல் மரியாதை. அமெரிக்காவில் சிறப்பு மருத்துவத் துறைகளுக்கான போர்டுகளின் தலைமை அமைப்பில் 24 போர்டுகள் இருக்கின்றன. தோல் மருத்துவம் அதில் உண்டு, பிளாஸ்டிக் சர்ஜரி உண்டு. அழகியல் மருத்துவம் என்று ஒரு போர்டு அந்த 24இல் இல்லை.

பட்டுச் சேலையில் கோத்திருக்கும் 'சில்க் மார்க்' சீட்டை எங்கள் பக்கத்து நெசவாளர் எவரிடம் காட்டினாலும், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துச் சொல்வார். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த அந்த முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்பதற்குப் பொறுப்பேற்கிறது. ஜரிகையைப் பற்றி அது பேசுவதில்லை. வாங்குபவர் ஜரிகையைத் தனியாகத்தான் கேட்டறிய வேண்டும். எம்.பி.பி.எஸ். பட்டமும் அப்படித்தான். அது பொய்யில்லை, கஷ்டப்பட்டுப் படித்து வாங்கியது. ஆனால் ஐந்தரை வருடத்தில் தோல் வார்டில் கழிவது சில வாரங்கள். லேசர் பிடித்த கையா, ஃபில்லர் ஏற்றிப் பழகிய கையா என்பதைப் பற்றி அந்தப் பட்டம் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

"சட்டம் தடுக்கவில்லையே" என்பார்கள். டாக்டர்கள் கூடும் இடத்தில் முதலில் வந்து விழும் பதில் இது. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் ஓடுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34ஆம் பிரிவில், பதிவு இல்லாமல் மருத்துவம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பதிவுபெற்ற டாக்டர் இன்ன இன்ன சிகிச்சை செய்யலாம், இன்னது கூடாது என்று அதில் பட்டியல் கிடையாது. அதை வைத்துக்கொண்டு, பதிவு இருந்தால் எல்லாம் செய்யலாம் என்று வாதிடுகிறார்கள்.

மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. 2002ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள், ஒரு பிரிவில் சிறப்புத் தகுதி இல்லாத டாக்டர் தன்னை அந்தப் பிரிவின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன. 2023 ஆகஸ்டில் அவற்றுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்தன, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. ஆக, பழைய விதியே இன்றும் நடப்பில் இருக்கிறது. அழகியல் மருத்துவம் என்ற பெயரில் இந்தியாவில் எம்.டி. கிடையாது. இந்த வேலைகளைப் பாடத்திட்டத்துக்குள் வைத்திருக்கும் முதுகலைப் படிப்புகள் முக்கியமாக இரண்டு. ஒன்று தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவத்தில் மூன்று வருட எம்.டி. அல்லது டி.என்.பி. மற்றது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. அப்படியானால் 'அழகியல் நிபுணர்' என்று பலகையில் எழுதியிருப்பவர் எந்தத் தகுதியை வைத்து எழுதினார்?

தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை, பதிவு வாரியம் 2022 செப்டம்பரில் இன்னும் வெளிப்படையாகவே பேசியது. டெல்லியில் முடி நடவுக்குப் பின் நேர்ந்த ஒரு மரணம் உயர் நீதிமன்றம் வரை போயிருந்த வருடம் அது. பயிலரங்குகளில் பார்த்ததோ யூடியூபில் பார்த்ததோ அழகியல் சிகிச்சைகளைத் தொடங்கப் போதுமான காரணம் ஆகாது என்று வாரியம் எழுத்தில் வைத்தது. முறையான அறுவைப் பயிற்சி வேண்டும், சிக்கல் வந்தால் சமாளிக்கும் திறமையும் வேண்டும் என்றது. என் சக டாக்டர்கள் பலர் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. படித்தவர்கள், "அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை" என்று நகர்ந்துவிடுகிறார்கள். நோயாளி செத்த பிறகு நீதிமன்றம் கையில் எடுத்துப் படிக்கப்போவது அந்த வழிகாட்டுதலைத்தான் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

கட்டிடத்துக்கு வாங்கும் பதிவையும் பலர் தகுதிச் சான்றாகக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு 2018இல் வந்த விதிகள் ஆகியவற்றின்படி கிளினிக்குகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இடம், கழிவு அகற்றல், ஆட்கள், கருவிகள் என்று பார்க்கிறார்கள். நல்ல சட்டம். ஆனால் ஊசி பிடிக்கும் கையை அது சோதிப்பதில்லை.

2016 மே மாதம் சென்னையில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த 22 வயது மாணவர் முடி நடவு செய்துகொள்ளப் போனார். மயக்க மருந்து கொடுத்த பின் உடல்நிலை மோசமாகி, வேலூர் வரை கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவர் போன இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம் மட்டுமே இருந்தது என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். அங்கே வேலை செய்தவர்கள் டாக்டர்கள். "டாக்டர்தானே செய்யறார்" என்ற ஒரு நம்பிக்கை, மருத்துவத்தை நான்கு வருடங்களுக்கு மேல் படித்த ஒருவரையே காப்பாற்றவில்லை. தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்ணோ இடத்தைப் பார்த்தே தரம் கண்டுகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கான்பூரில் 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் முடி நடவுக்குப் பின் இரண்டு பொறியாளர்கள் இறந்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவர் ஒரு பல் மருத்துவர்.

"அதெல்லாம் ஆபரேஷன். நாங்கள் செய்வது சின்ன வேலை. ஊசி, கிரீம், லேசர்" என்பது அடுத்த பதில். ஊசியில் தொடங்குவோம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். லிக்னோகெயின், அட்ரினலின் சேர்த்தால் வழக்கமான உச்ச வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம், மொத்தம் 350 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, பதினேழரை மில்லி. அட்ரினலின் சேர்க்காவிட்டால் பதினோரு மில்லியைத் தாண்டக் கூடாது. குப்பி 30 மில்லி. தலை முழுக்க ஊசி போடும்போது கணக்கு வைத்துக்கொள்ளாதவர் ஒரு குப்பிக்குள்ளேயே வரம்பைக் கடந்துவிடுவார். முதலில் நாக்கு மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும், பிறகு வலிப்பு, பிறகு இதயம். அந்த நிமிடத்தில் கொடுக்க வேண்டிய 20 சதவீதக் கொழுப்புத் திரவம் எத்தனை கிளினிக் அலமாரிகளில் இருக்கிறது?

கிரீமும் சாதாரணம் இல்லை. லேசருக்கு முன்னால் கால் முழுவதும் மரக்கும் கிரீம் தடவி மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்தார்கள். 2007இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது.

ஃபில்லர் ஜெல் ஏற்றுவதை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முடித்துவிடலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். மூக்கின் மேலும் புருவங்களுக்கு நடுவிலும் ஓடும் சின்னத் தமனிகள், கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. ஊசி முனை தமனிக்குள் இருப்பது தெரியாமல் அழுத்தினால், ஜெல் பின்னோக்கி ஏறி விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். ரத்தமில்லாமல் விழித்திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. செய்யாறிலிருந்து ஆற்காடு வழியாக வேலூர் போய்ச் சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். கண் தப்பினாலும் தோல் முதலில் வெளுக்கும், பிறகு வலைபோல நீலம் பாயும். அந்த வெளுப்பைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, ஜெல்லைக் கரைக்கும் ஹயலூரோனிடேஸை உடனே செலுத்த வேண்டும். ஊசி போடுவதை மூன்று நாளில் காட்டிவிடலாம். அந்த வெளுப்பை அடையாளம் காணும் கண் மூன்று நாளில் வராது. இங்கிலாந்து அரசு அமைத்த கியோ குழு 2013இல் இந்த ஜெல்களைத்தான் முக்கிய ஆபத்தாகச் சுட்டிக்காட்டியது. பொட்டாக்ஸைப் போல மருந்தாகக் கருதப்படாததால் அவற்றை யார் வேண்டுமானாலும் செலுத்தலாம் என்ற நிலை அங்கேயும் இருந்தது.

லேசருக்கு உதாரணமாக, என் கிளினிக்குக்கு வந்த ஒரு பெண்ணையே சொல்கிறேன். நெசவுக் குடும்பம், தாடையிலும் மேலுதட்டிலும் முடி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெளியூர் கிளினிக் ஒன்றில் மூன்று தடவை லேசர் அடித்துக்கொண்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தார். துப்பட்டாவை விலக்கினால், தாடையில் செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாகக் கருப்புச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் அந்தக் கருவியின் முனை அளவு. நம் தோலில் மெலனின் அதிகம். முடியின் வேருக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். அதனால் கருத்த தோலுக்கு 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட்டைவிட 1064 நானோமீட்டர் எண்டி-யாக் பாதுகாப்பானது. எதை அடித்தாலும் முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்து, சில நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அவர் கொண்டுவந்த அட்டையில் எந்த லேசர், எவ்வளவு சக்தி என்று ஓர் எண்கூட எழுதப்படவில்லை. எழுதியிருந்தது மூன்று தேதிகளும் மூன்று தொகைகளும்.

அந்த அட்டையைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்டேன். இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும் என்றார். அங்கே யாராவது இதைக் கேட்டார்களா என்றேன். இல்லை என்றார். சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பிரச்சினைக்கு முகத்து முடி ஓர் அறிகுறி. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. எம்.பி.பி.எஸ். படித்த எவருக்கும் தெரிந்த கேள்வி. டாக்டர் பட்டத்தை வைத்துத்தான் அங்கே நம்பிப் போனார் அந்தப் பெண். அந்தப் பட்டம் கற்றுக்கொடுத்த கேள்வியையே கேட்காமல் லேசரை மட்டும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் பயிற்சியில் எதைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதோடு, எதை மறந்துபோகிறோம் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

வெள்ளை ஊசியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. குளுடாதயோன் ஊசிக்குத் தோலை வெளுக்கவைக்கும் மருந்தாக நம் நாட்டில் அனுமதி இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு 2011இலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. அதைச் சான்றிதழ் வாங்கிய கையால் போட்டாலும் வாங்காத கையால் போட்டாலும் தவறு தவறுதான்.

"உயிர் போகிற வியாதியா சார், சும்மா அழகுக்குத்தானே" என்று இலேசாகச் சொல்பவர்களுக்கு எங்கள் பழைய வடாற்காடு மாவட்டத்து வரலாறே பதில் வைத்திருக்கிறது. தொழுநோய் மிகுந்திருந்த ஜில்லா இது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையைத் தொடங்கினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி மையம் வந்தது. கை சரியானால் போதாது என்பது அங்கே சீக்கிரமே புரிந்தது. புருவம் உதிர்ந்து, மூக்கு அமுங்கிய முகத்தோடு ஊருக்குத் திரும்பியவரை ஊர் உள்ளே விடவில்லை. ஆகவே தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம் வைத்தார்கள், மூக்கைத் தூக்கினார்கள். கிருமி செத்தபின் செய்த அந்தச் சிகிச்சையை 'வெறும் அழகு' என்று யாரும் சொல்ல முடியாது. அது அவர்களுக்கு வேலையையும் வீட்டையும் திருப்பிக் கொடுத்தது. அதைச் செய்தவர்கள் வருடக்கணக்கில் கையைப் பழக்கினார்கள், நோயாளியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து விளைவைக் குறித்துவைத்தார்கள். நம் மண்ணில் அழகியல் சிகிச்சை அவ்வளவு கண்டிப்போடு நடந்திருக்கிறது. பரு வடுவோடு கூனிக்குறுகி நிற்கும் பெண்ணுக்கும் அதே கண்டிப்பு உரியது. அழகு அற்பம் என்று நினைப்பவர்தான் அதற்குப் பயிற்சி வேண்டாம் என்பார். நான் அற்பம் என்று நினைக்கவில்லை.

எதிர்வாதங்களில் நான் உண்மையிலேயே மதிப்பது ஒன்றுதான். "சின்ன ஊர். எம்.டி. தோல் படித்தவர் இங்கே வந்து உட்கார மாட்டார். நீட் பி.ஜி. கலந்தாய்வில் முதலில் தீர்ந்துபோகும் இடங்களில் தோல் மருத்துவமும் ஒன்று. படித்து முடித்தவர் சென்னையை விடமாட்டார். நாங்களும் செய்யாவிட்டால் இந்தப் பெண்கள் பியூட்டி பார்லருக்குப் போவார்கள். மெடிக்கலில் ஸ்டீராய்டு கிரீம் வாங்கித் தடவுவார்கள்." இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. மங்குக்கு என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் தடவி, முகம் சிவந்து, மயிர் முளைத்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. கடைகளில் பெரிய மாற்றம் இல்லை.

ஆனால் இந்த வாதத்தை வைப்பவர்கள் அதற்கேற்ப நடக்கிறார்களா? ஊருக்குத் தோல் டாக்டர் இல்லை என்ற குறையைத் தீர்ப்பதுதான் நோக்கமென்றால், மூன்று நாள் பயிற்சி சொறிக்கும் படர்தாமரைக்கும் உணர்ச்சியற்ற தேமலுக்கும் இருக்க வேண்டும். படர்தாமரை இப்போது வழக்கமான மருந்துக்கு அடங்காமல் வீடு வீடாகப் பரவுகிறது. அதற்கு ஹால் பிடித்து யாரும் பயிற்சி நடத்துவதில்லை. குறை உண்மை, அதைக் காட்டி விற்கப்படுவது வேறு. அதோடு, பெரிய மருத்துவமனை தூரமாக இருக்கிறது என்பது தகுதியைக் குறைத்துக்கொள்ளக் காரணமாகாது. நுங்கம்பாக்கத்தில் ஒரு தவறு நடந்தால் பத்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரி. செய்யாறில் நடந்தால் அதே தவறு கண்ணைப் பறிக்கும். தூரம் கூடக்கூட கை அதிகம் பழகியிருக்க வேண்டும்.

"எல்லாம் எம்.டி.க்காரர்களின் தொழில் பொறாமை" என்பதும் காதில் விழுகிறது. பொறாமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தோல் நிபுணர்களிடம் எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. மேடையில் போலிகளை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்களில் சிலரே, வார இறுதிப் பயிற்சிகளில் ஆசிரியராக நின்று, சான்றிதழில் கையெழுத்தும் போடுகிறார்கள். எம்.டி. முடித்த எல்லாரும் லேசரும் ஃபில்லரும் பழகியவர்கள் என்பதும் சரியில்லை. கருவியே வராத கல்லூரிகள் உண்டு. 2022 டிசம்பரில் இந்திய பல் மருத்துவக் கவுன்சில், வாய் முக அறுவை படித்த பல் மருத்துவர்கள் முக அழகியல் அறுவையும் முடி நடவும் செய்யலாம் என்று அறிவித்தது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. நோயாளியின் பக்கம் நின்று கையைச் சோதிக்க ஒருவரும் இல்லை.

பட்டத்தைப் பார்க்காமல் கையைச் சோதிக்க முடியும் என்பதற்கு நம்மவர்கள் லட்சக்கணக்கில் வாழும் இரண்டு நாடுகள் உதாரணம். சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சில் 2008இல் அழகியல் சிகிச்சைக்கு விதி வகுத்தது. ஆதாரமுள்ள சிகிச்சைகள் ஒரு பட்டியல், ஆதாரம் குறைந்தவை இன்னொரு பட்டியல். லேசரோ பொட்டாக்ஸோ ஃபில்லரோ செய்ய விரும்பும் பொது மருத்துவர், அங்கீகரித்த பயிற்சியை முடித்துத் திறன் சான்று வாங்க வேண்டும். மலேசியச் சுகாதார அமைச்சு 2013 வழிகாட்டுதலில் இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. அங்கே அழகியல் சிகிச்சை செய்யும் டாக்டர், இன்ன சிகிச்சைகளைச் செய்யலாம் என்று அமைச்சு தரும் எல்.சி.பி. என்ற கடிதத்தை வைத்திருக்க வேண்டும். பொது மருத்துவருக்கு வழி அடைபடவில்லை. வழியில் ஒரு வாசல் இருக்கிறது, வாசலில் ஆள் இருக்கிறார், அவர் திருப்பி அனுப்பவும் செய்வார். அந்தக் கடிதத்தைக் கோலாலம்பூர்த் தமிழ்ப் பெண் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். செய்யாறுப் பெண் எதைக் கேட்பாள்?

இதை இங்கே செய்யத் தனியாக மலையைப் புரட்ட வேண்டியதில்லை. கிண்டியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் தோல் பிரிவுகள் இருக்கின்றன. பொது மருத்துவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் என்று ஒரு வருடம் அங்கே போய்ப் பழகட்டும். பார்த்தது எத்தனை, கூட நின்று செய்தது எத்தனை, தனியாகச் செய்தது எத்தனை என்று பதிவேடு வைக்கட்டும். கற்றுக்கொடுத்தவர் தேர்வு வைக்கக் கூடாது, வேறு கல்லூரியிலிருந்து வருபவர் வைக்க வேண்டும். கேள்வியும் சிக்கலைப் பற்றியதாக இருக்க வேண்டும்: இந்த உதடு வெளுத்துவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள்? தேறியவர் பெயருக்கு எதிரே, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில், அவர் செய்யத் தகுதியுள்ள சிகிச்சைகளை மட்டும் எழுதட்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது காலாவதியாகட்டும். எம்.டி. படித்தவருக்கும் இதே பதிவேடுதான், விலக்கு வேண்டாம். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கிளினிக்கைப் பதிவு செய்யும்போதே, இங்கே என்னென்ன சிகிச்சை, ஒவ்வொன்றையும் செய்வது யார் என்று கேட்டு எழுதி வாங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை நோயாளிகள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். 2002 விதிப்படி அது கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும். இந்த வேலையை எங்கே, எத்தனை மாதம் பழகினீர்கள் என்று கேளுங்கள். எந்த லேசர், என்ன அளவு என்று அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று சொல்லுங்கள். நோயாளிக்குப் புரியும்படி, குறிப்பிட்ட அந்தச் சிகிச்சைக்கென்றே வாங்கியதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோபப்படும் டாக்டரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

என் சக எம்.பி.பி.எஸ். டாக்டர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் ஊர் டாக்டர்களின் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். லேசரோ ஃபில்லரோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஹயலூரோனிடேஸும் கொழுப்புத் திரவமும் அலமாரியில் இருப்பதைக் காட்ட வேண்டும், நடந்த ஒவ்வொரு சிக்கலையும் பெயர் மறைத்துக் கூட்டத்தில் சொல்ல வேண்டும், 'நிபுணர்' என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். வரைவை நானே எழுதிக்கொண்டு வருகிறேன். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை அங்கேயே எழுந்து சொல்லட்டும்.